ஐந்து நாளாக நிறுத்திய மாத்திரை

பையும் கார் சாவியுமாக வாசலில் நின்றாள் ஏலிக்குட்டி. கணவர் ஔதக்குட்டி நாற்காலியை விட்டு அசையவில்லை.

"பத்து மணிக்கு ஹெர்னியா ஆபரேஷன். எழுந்திருங்க அச்சாயா."

"இன்னிக்கு பாலா தாலுகா முழுக்க ஹர்த்தால்டி, ஒரு வண்டி ஓடாது. டாக்டரே வரமாட்டார். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"டாக்டர் நேத்தே வந்து ஆஸ்பத்திரியில தங்கியாச்சு. உங்க நெஞ்சுல இருக்கிறது மெட்டல் வால்வு. ஆபரேஷனுக்காக, ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை அஞ்சு நாளா நிறுத்தியிருக்கோம். தள்ளிப்போட்டா மறுபடி தின்னு, மறுபடி நிறுத்தணும். நடுவுல ரத்தம் கட்டிக்கிட்டா?"

"கார் கண்ணாடியை உடைப்பாங்களே?"

"உடைக்கட்டும்."

அவரை முன் இருக்கையில் தள்ளிவிட்டுத் தானே வண்டியை எடுத்தாள்.

முதல் வளைவிலேயே பத்துப் பேர் கொடியோடு, சாலையில் கல் போட்டு மறித்தார்கள்.

"நான்தான் சொன்னேனே, திருப்பு" என்றார் ஔதக்குட்டி, சற்றுத் தெம்பாக.

ஏலிக்குட்டி கண்ணாடியை இறக்கினாள். "உள்ள யாருன்னு பாத்துட்டு மறிங்கப்பா."

எட்டிப் பார்த்தவன் பதறிப்போனான். "டேய், கல்லை நகர்த்துங்கடா. ஹர்த்தாலை அறிவிச்ச நம்ம தலைவரே வந்திருக்கார்."

ஔதக்குட்டி கூட்டத்துக்குக் கைகூப்பினார். கார் நகர்ந்தது.

"ஹர்த்தாலுக்கு நீங்க காரணம் சொன்ன பெட்ரோல் விலை ஏறினது போன மாசம்" என்றாள் ஏலிக்குட்டி, சாலையைப் பார்த்தபடி. "ஆபரேஷனுக்குத் தேதி குறிச்ச மறுநாள்தான் உங்களுக்குக் கோபம் வந்துச்சு. கத்தின்னா பயம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுக்காக ஒரு தாலுகாவையே மூடுவாங்களா?"