மெசென் விரிகுடாவில் நீர் ஏறுகிறது

ரஷ்யாவின் வடகோடியில் உள்ள மெசென் விரிகுடாவில் ஜூன் மாதத்திலும் பனிக்கட்டிகள் சேறு அப்பிக்கொண்டு கிடக்கின்றன. கடல் உள்வாங்கிப்போன பழுப்புச் சேற்றில் நின்று, வலையில் சிக்கிய சால்மன் மீன்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள் உஸ்தீனியா. சற்றுத் தள்ளி, கடலை அளக்க நகரத்திலிருந்து வந்த அதிகாரி கிளெப் லுவோவிச் தன் கருவியை ஊன்றுகிறார். வடக்கே இரைச்சல் கேட்கிறது. "கிளெப் லுவோவிச், தண்ணி ஏறுது. கரைக்கு வாங்க." "நாலு மணிக்குத்தாம்மா ஏறும். அட்டவணையில போட்டிருக்கு." "வடகாத்து தள்ளிக்கிட்டு வருது. அதுக்குப் படிக்கத் தெரியாதுங்க." அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைக்கிறார். கலங்கல் நீர் பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு பாய்கிறது. முழங்கால்வரை சேற்றில் புதைந்துபோன அதிகாரி அலறுகிறார். உஸ்தீனியா மீன்கூடையைப் போட்டுவிட்டு ஓடி, சட்டைக் காலரைப் பிடித்து மூட்டைபோல் கரைக்கு இழுத்துவருகிறாள். மீன், கருவி, அவருடைய ஒரு பூட்ஸ் எல்லாம் நீரோடு போகின்றன. குளிரில் பற்கள் தந்தியடிக்க அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கே!" உஸ்தீனியா சேற்றில் காறித் துப்பிவிட்டு, அவர் பக்கம் திரும்பாமல் பாவாடையைப் பிழிகிறாள்.