ஆறு மணிக்குள் மன்னிப்பு

"நான் எழுத மாட்டேன்" என்று ஹெ-சுக் அக்கா சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புச்சியோன் கேம் சென்டரில் எங்கள் அணி மொத்தமும் கூடியிருந்தது. கொரியாவின் பழைய ஜோசன் ராஜாக்கள் காலத்து வாள்சண்டை விளையாட்டு எங்களுடையது. வருஷக்கணக்காக மோதிப் பிடித்த கோட்டை அன்று ஆறு மணிக்குப் பறிபோக இருந்தது. எல்லாம் இந்த அக்காவால்தான்.

விளையாட்டுச் சந்தையில் ஒரு ஓட்டை. ஜின்செங் வேர் மூட்டையை விற்றால் காசு இரண்டு மடங்காக வந்தது. டவுன் பஸ் ஓட்டும் அக்கா, சாப்பாட்டு இடைவேளையில் விற்று விற்றுக் குவித்துவிட்டார். கம்பெனி ஒரே மணி நேரத்தில் ஓட்டையை அடைத்து, அக்காவின் விளையாட்டுக் கணக்கைப் பூட்டியது.

அந்தக் குழப்பத்தில் சந்தைப் பதிவுகளும் அழிந்ததால், குவித்த காசு எங்கே போனது என்று கம்பெனிக்கே தெரியவில்லை. அதனால் அக்கா கைப்பட மன்னிப்பு எழுத வேண்டுமாம், காசு யார் யாருக்குப் போனது என்றும் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் அவர் கணக்கும் போகும், எங்கள் கோட்டையும் போகும்.

எங்கள் தலைவன் குன்-சொப் குதித்தான். ஒரு காசு நேர்மையில்லாமல் தொட்டதில்லை என்று மார்தட்டினான். நானும் சும்மா இல்லை, ஒருத்தர் பேராசைக்கு ஊரே அழ வேண்டுமா என்று கேட்டுவிட்டேன்.

அக்கா ராமியோன் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"குளிர்காலம் பூரா அதே சந்தையில மருந்து வாங்கினா ரெண்டு மடங்கு காசு போச்சு. புகார் குடுத்தோம். உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறுன்னாங்க. நம்ம பை ஓட்டையானா தலையெழுத்து, அவங்க பை ஓட்டையானா நாம திருடனா?"

ஆனால் குன்-சொப் விடவில்லை.

"நியாயம் பேசினா கோட்டை நிக்குமா? காசு வாங்கினவங்க பேரை எழுதுங்கக்கா."

"யாரு குடுத்தாங்கன்னே அவங்களுக்குத் தெரியாது. குளிர்காலத்துல சந்தையில விட்ட காசுதான் அவங்களுக்குத் திரும்பப் போச்சு. பேரைச் சொன்னா அவங்க கணக்கையும் அழிச்சிடுவானுங்க."

"அழிக்கட்டும். திருட்டுக் காசைத் தின்னவனுக்கு எதுக்குக் கணக்கு?"

தாளையும் பேனாவையும் அவர் முன்னால் போட்டான். மணி ஆறாகப் போகிறது. எழுதித் தொலையுங்களேன் என்று நானும் கத்தினேன்.

அக்கா பேனாவை எடுத்தார்.

"சரி தம்பி. விளையாட்டு ஏலத்துல உன் பிஞ்சுபோன வைக்கோல் செருப்பை ஒருத்தர் குதிரை விலைக்கு வாங்கினாங்களே. யாரோ கிறுக்கன்னு விழுந்து விழுந்து சிரிச்சியே. உன் பேர்லேருந்தே ஆரம்பிக்கட்டுமா?"

அதே ஏலத்தில் என் உடைந்த வில்லும்தான் குதிரை விலைக்குப் போயிருந்தது. கூடியிருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தால், ஆளுக்கொரு குப்பை விற்றிருக்கிறோம்.

குன்-சொப் சட்டென்று தாளைப் பிடுங்கிக் கசக்கினான்.

"கோட்டை கெடக்குது, விடுங்கக்கா. மனுசனுக்கு மானம் ரோஷம் வேணாமா?"