துளசிராமனுக்கு வயது பத்து

"வணக்கம் குட்டிச் செல்லம்! உனக்கு வயசு பத்து இருக்குமா? பெரியவங்க யாரையாவது கூப்பிடு. அதுவரைக்கும் பாட்டு கேக்கலாம்!"

போன் கொஞ்சியது. கொஞ்சப்பட்ட துளசிராமனுக்கு நாற்பத்தாறு வயது. நாலு ஏக்கர் நெல்லுக்கும் பதினோரு வாட்ஸ்அப் குரூப்புக்கும் சொந்தக்காரர்.

"ஈஸ்வரி! இது இன்னா, என்னைப் பாத்து குட்டிச் செல்லம்ங்குது?"

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து திருத்தணில மொட்டை போட்டுக்கினு மீசையும் எடுத்துட்டு வந்தீங்கல்ல? சின்னப் புள்ளைன்னு நெனச்சிக்குது."

போனில் அந்தப் பிள்ளைக் காவல் ஆப்பைப் போட்டதே அவர்தான். செல்போனால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களா என்று டி.வி.யில் நாலு பேர் கத்தியதைக் கேட்டு, மகள் ஸ்நேகாவும் கெட்டுவிடுவாளோ என்று பயந்து இறக்கினார். முகத்தைப் பார்த்தே வயதைக் கண்டுபிடிக்குமாம். சிறுவர் முகம் என்றால் நர்சரிப் பாட்டு மட்டும்தான் வரும். பெற்றோர் முகம் கேட்ட இடத்தில் தன் முகத்தை மட்டும் பதிந்துவைத்தார். பெண்டாட்டியைக்கூட நம்பவில்லை.

"சிரிக்காதடி! அவசரமா ஒரு போட்டோ அனுப்பணும்."

நேற்று திருத்தணிக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக எடுத்தது. ஸ்நேகாவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், நீல யூனிபார்ம் போட்ட வடநாட்டு ஆள் ஒருவன் இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். 'பிள்ளை பிடிக்கிறவன்! பார்த்தால் விடாதீர்கள்! எல்லா குரூப்புக்கும் அனுப்பவும்!' என்று எழுதியும் வைத்துவிட்டார். அனுப்புவதற்குள் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜ் ஏறுவதற்குள் மீசை போய்விட்டது.

பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் லோகுவிடம் ஓடினார்.

"இந்த ஆப்பை எடுத்துடு நைனா."

லோகு தட்டிப் பார்த்தான். "எடுக்குறதுக்கும் உன் மூஞ்சியத்தாண்ணே கேக்குது. மீசை வளர்ற வரைக்கும் ஒரு மாசம் வெயிட் பண்ணு."

"ஒரு மாசமா? அதுக்குள்ள ஊர்ல ஒரு புள்ள மிஞ்சாது!"

"அந்த ஆளு யாரு, இன்னான்னு கேட்டியா?"

"கேட்டா உஷாராயிட மாட்டான்?"

"வேணாம்ணே. போன வருஷம் எங்க மாமியார் ஊர்ல இப்படித்தான் ஒரு மெசேஜ் சுத்துச்சு. போர்வை விக்க வந்தவனைக் கட்டிவெச்சு அடிச்சிட்டாங்க. அந்தாளு இன்னும் நொண்டிக்கினு கீறான்."

"அது வதந்திடா. இது ப்ரூப்பு!"

பக்கத்துப் பேன்சி ஸ்டோரில் மாறுவேடப் போட்டிக்கு விற்கும் முறுக்கு மீசை ஒன்று தொங்கியது. துளசிராமன் வாங்கி ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் போனைப் பார்த்தார்.

"அடடா! மாறுவேடப் போட்டியா? சூப்பர் செல்லம்!"

போன் கை வேறு தட்டியது. லோகு மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டு குலுங்கினான்.

"டெக்னாலஜியாம் டெக்னாலஜி! ஒரு பிடி நெல்லைக் கையில குடு, எப்ப அறுத்ததுன்னு நான் சொல்றேன். இதுக்கு ஆம்பளை வயசு தெரியல. சரியான பேஜாரு!"

மணி நாலாகப் போகிறது. பள்ளி விடும் நேரம். நேரில் போய்க் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கிளம்பினார். ஒட்டு மீசையை எடுக்க மறந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போகிற மெயின் ரோட்டில் இருக்கிறது. கம்பெனி லாரிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு பறக்கும் ரோடு. துளசிராமன் மதில் ஓரமாக நின்று போனை முகத்துக்கு நேரே பிடித்தார். பெரிய மனுஷன் மாதிரி முறைத்துப் பார்த்தார்.

"செல்லம் ஏன் கோவமா இருக்கே? சாப்பிட்டியா?"

"ஏய், நான் ஆம்பளைடா!"

போனோடு சண்டை போட்டபடியே, எதிர்ப்புறம் போய் நின்றால் வெளிச்சம் நன்றாக விழும் என்று ரோட்டில் இறங்கினார். ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கன்டெய்னர் லாரி ஒன்று மூக்கை உரசுகிற மாதிரி போனது. அது கிளப்பிய காற்றில் மீசை பறந்தது.

துளசிராமன் திரும்பிப் பார்த்தார். நீல யூனிபார்ம். போட்டோவில் இருந்த அதே ஆள்.

"போன் பாக்காதே. லாரி வருது. கை பிடி," என்றான் அவன், உடைந்த தமிழில்.

அவன் பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்தி ஸ்நேகா.

"அப்பா! நீ இங்க இன்னா பண்றே?"

அந்த ஆள் துளசிராமனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இன்னொரு கையைத் தூக்கிக் காட்டினான். லாரிகள் முனகிக்கொண்டு நின்றன. பிள்ளைகளோடு பிள்ளையாகத் துளசிராமனும் ரோட்டைக் கடந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்ததும் பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஸ்நேகா மட்டும் போகாமல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அந்த அண்ணன் கையை விடுப்பா. அந்தப் பக்கம் ஒண்ணாங் கிளாஸ் புள்ளைங்க நின்னுக்கினு கீதுங்க. தெனமும் மாதிரி அவருதான் போய் இட்டுக்கினு வரணும்!"