மாவு மாமாவின் கோபம்

அம்மா திருட்டுத்தனமாக சிகரெட் பிடித்திருக்கிறாள். அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, இருபது வருஷம்.

இதை அவளே தன் வாயால் சொன்னாள். நெஞ்சில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, அப்பாவையும் மகளையும் கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"நீங்க வேலைக்குப் போனப்புறம் கொல்லைப்பக்கம் நின்னு பிடிப்பேன். ப்ளம்பருக்குன்னு சொல்லிக் கடையில வாங்குவேன். தப்புதான்."

அப்பா ஆடிப்போய்விட்டார். டீயைத் தவிர வேறு எதையும் தொடாத மனுஷர். கூரை ஷீட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் மெஷின் ஓட்டியவர். சாயங்காலம் தலைமுடியிலிருந்து செருப்பு வரை வெள்ளைவெளேரென்று வந்து நிற்பார். மாவு மில்லுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் தெருப் பிள்ளைகளுக்கு அவர் மாவு மாமாதான்.

அன்றிலிருந்து அவர் அம்மாவோடு பேசவில்லை. வேளாவேளைக்கு மாத்திரையைக் கொண்டுவந்து வைப்பார், தண்ணீர் வைப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். மகளிடம் மட்டும்தான் புலம்பல்.

"நாப்பது வருஷம் கூடவே இருந்திருக்கேன். என்னை முட்டாளாக்கிட்டா."

தெரு மட்டும் சும்மா இருக்குமா? விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

மகளுக்கும் மனசு ஆறவில்லை. பஸ் ஸ்டாப்பில் யாராவது பற்றவைத்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நிற்பவள் அம்மா. அதெல்லாம் வேஷமா என்று கேட்டேவிட்டாள்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேஷம்தான்" என்றாள்.

பத்தாம் நாள் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க மகள் தனியாகப் போனாள். போன இடத்தில் சிகரெட் கதையைச் சொல்லி டாக்டரிடம் அழுதாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "இந்த வியாதி சிகரெட்டால வர்றதில்லைம்மா."

நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறதாம். அதில் வரும் புற்று இது. பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வருவது. கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரித் தூள், மூச்சோடு உள்ளே போய் அந்த உறையில் குத்திக்கொள்ளும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அந்த இடம் புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். முப்பது, நாற்பது வருஷம் இப்படியே போகும். புண்ணை ஆற்றப் பிறக்கும் செல்களில் ஏதோ ஒன்று என்றைக்கோ தடம் மாறி, நிற்கத் தெரியாமல் பெருக ஆரம்பித்துவிடும்.

"அம்மா கம்பெனிப் பக்கமே போனதில்லையே டாக்டர். அப்பாதான் அங்க வேலை பார்த்தார்."

"அப்பாவோட வேலைத் துணியை யார் துவைச்சது?"

தினமும் சாயங்காலம் கொல்லையில் நின்று அந்தச் சட்டையை உதறு உதறென்று உதறிவிட்டுத்தான் அம்மா வாளியில் போடுவாள். உதறாமல் நனைத்தால் தண்ணீர் கஞ்சியாகிவிடும் என்பாள்.

"வியாதி தெரிஞ்ச அன்னைக்கே அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன்" என்றார் டாக்டர். "அப்பா அப்ப மருந்து வாங்கப் போயிருந்தார். அவருக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்துடுங்கன்னு மட்டும் கேட்டாங்க. சாதாரண செக்கப்னு சொல்லி எடுத்தோம். அவருக்கு ஒண்ணும் இல்லை."

மகள் வீட்டுக்கு வந்தபோது அப்பா சமையலறையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் படுத்திருந்த அம்மா, மகளின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"சிகரெட் கதை பொய்னு அப்பாகிட்ட சொல்லிடலாம்மா. உன்னைக் கரிச்சுக் கொட்டிட்டே இருக்கார்."

"கொட்டட்டும். கோபம்னா நான் போனப்புறம் ஆறிடும். இது தெரிஞ்சா மனுஷன் அப்புறம் உசிரோட இருப்பாரா?"

அப்பா டம்ளரோடு உள்ளே வந்தார். அம்மா மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னார்? அந்தச் சனியன் பிடிச்ச சிகரெட்தானா?"

மகள் தரையைப் பார்த்தாள். "ஆமாம்ப்பா. சிகரெட்தான்."

டம்ளரை வைத்த அப்பா இந்த முறை திரும்பிப் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பத்து நாளில் முதல் தடவையாக அம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, உன்னை அதைத் தொடவே விட்டிருக்க மாட்டேனே."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று அம்மா அவர் கையைத் தடவிக்கொடுத்தாள். "உங்க மேல ஒரு தப்பும் இல்லை."