அவர் என்ன சொல்கிறார்

குரல்வளையை எடுத்த கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியே உஸ்ஸென்று போய் வருகிறது. புற்றுநோய் வார்டின் மனநல ஆலோசகர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, "இப்ப மனசுக்கு எப்படி சார் இருக்கு?" என்று கேட்கிறார். கட்டிலில் சாய்ந்திருக்கும் கணவர் கையை ஆட்டுகிறார். ஜன்னல் வெயிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும் மனைவி, "'பண்ணின அநியாயத்துக்கு எனக்கு நல்லா வேணும்'னு சொல்றார் மேடம்" என்கிறாள். அவர் வெடுக்கென்று தலையாட்டி மறுக்கிறார். "ஆமாங்கறார்." நரம்பு புடைக்கக் கட்டில் கம்பியைப் படபடவென்று தட்டுகிறார். "'உன்னை ஒரு நாள்கூட மனுஷியா மதிக்கலை'ங்கறார்." ஒரு சுளையை நிதானமாக வாயில் போட்டுக்கொண்டு, கொட்டையை எவர்சில்வர் தட்டில் துப்புகிறாள், ணங்கென்று விழுகிறது. ஆபரேஷனுக்கு முன்பு இதே அறையில் அவளிடம் எதைக் கேட்டாலும், "இவளுக்கு என்ன தெரியும்? என்கிட்ட கேளுங்க" என்று முந்திக்கொண்டவர் அவர். அவளுடைய குரலையே ஆலோசகர் இன்றுதான் கேட்கிறார். கணவர் எழுதிக் காட்டுவதற்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த சிலேட்டு அவள் மடியில் கிடக்கிறது, மேலே ஆரஞ்சுத் தோல். அதை வாங்கி அவர் கையில் கொடுப்பதுதான் ஆலோசகரின் வேலை. கணவருடைய கண்களும் அதைத்தான் கேட்டுக் கெஞ்சுகின்றன. ஆலோசகர் அந்தக் கண்களை நன்றாகப் பார்க்கிறார். பிறகு நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "வேற என்னம்மா சொல்றார்?" என்று கேட்கிறார்.