சிவப்பில் இருந்த வரி

திரையில் இருந்த பக்கத்தை மூன்றாவது முறையாக மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டாள்.

அந்த வரி இல்லை.

"புது மெஷினில் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்தாலும், பத்து நிமிடம் பொறுத்தே மூடியைத் திறக்கவும்."

இருந்த வரிதான். மெஷினை மாட்டிய பிட்டர் எழுதிச் சேர்த்த அன்று அவளே படித்திருக்கிறாள்.

சாயப்பட்டறையில் எந்த மெஷினை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் கம்பெனியின் விக்கிப் பக்கங்களில் இருக்கிறது. ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் ஒரு திரை. ஆட்கள் அதைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒழுங்காக வைத்திருப்பது மட்டும் அவள் வேலை.

நேற்று மதியம் குழந்தைவேல் மூடியைத் திறந்தார். அந்த மெஷினுக்கு வந்து நாலே நாள். முள் பூஜ்யத்தில்தான் நின்றிருக்கிறது. கொதிக்கிற சாயத்தண்ணீர் முழங்கை வரை பீய்ச்சியடித்துவிட்டது.

பதினொரு மணிக்கு விசாரணை. எழுதியிருந்ததை மீறினார் என்று ஆகிவிட்டால், வேலையும் போய், கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இப்போது பத்தே கால்.

எவன் எடுத்துத் தொலைத்தான்?

பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தாள். இரண்டு மாதமாக யாரும் கை வைத்ததாகத் தெரியவில்லை. எழுந்தாள். ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்காரவும் முடியவில்லை.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. 'சிறு திருத்தங்களை மறை' என்ற கட்டத்தில் ஒரு டிக்.

டிக்கை எடுத்தாள். பட்டியல் நீண்டது.

இரண்டு பிரதிகளைத் தேர்ந்து, அருகருகே வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் பழையது. வலது பக்கம் புதியது.

இடது பக்கத்தில் அந்த வரி சிவப்புப் பட்டையில் இருந்தது.

வலது பக்கம் வெறுமை.

அதற்கு மேலே, மாற்றியவர் பெயர்: நிறைமதி.

தூக்கிவாரிப் போட்டது. அவள் பெயர்தான்.

போன மாதம் எவனோ விளையாட்டுக்கு அந்தப் பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோரை எழுதி, 'சிறு திருத்தம்' என்று சேமித்து வைத்திருந்தான். அதை மட்டும் அழித்திருக்கலாம். அதற்கும் சோம்பல். சுத்தமாக இருந்த பழைய பிரதி ஒன்றை எடுத்து அப்படியே சேமித்துவிட்டாள். அது பிட்டர் எழுதுவதற்கு முந்தைய பிரதி. போதாததற்கு அவளும் 'சிறு திருத்தம்' என்று டிக் வேறு. பெரிய சாமர்த்தியம்தான்.



திரையில் காட்டும் விதத்தை மாற்றினாள். ஒற்றைப் பத்தி. பழையதும் புதியதும் கலந்து ஒரே ஓட்டமாக வந்தது. போன வரி, போன இடத்திலேயே சிவப்பில். இதில் பெயர் வராது.

மறுபடி இரண்டு பத்தி. பெயர்.

மறுபடி ஒற்றைப் பத்தி.

மானேஜர் துரைசாமி வாசலில் நின்றார்.

"அம்மணி, அந்தப் பக்கத்த ஒரு பிரிண்ட் எடுங்க. கையெழுத்துப் போட்டு மேல அனுப்போணும்."

எது திரையில் இருந்ததோ, அதையே கொடுத்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆபீஸ் பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான்.

தாள் வந்தது. சிவப்பு வரவில்லை. அந்த வரி மற்ற வரிகளோடு வரியாக, எங்கேயும் போகாததுபோல் இருந்தது.

மானேஜர் விரல் வைத்துப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்கதான் இருக்குதே. அந்தாளு படிக்காமயே தொறந்திருக்காப்ல."

அவளுக்கு மூச்சு வந்தது. வந்ததற்காகவே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அவர் சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள். நீலம் கையெழுத்துக்கு. சிவப்பு, சாயம் சரியில்லாத துணியைத் தள்ளுவதற்கு. நீலத்தை உருவினார்.

"சார், அந்தச் சிவப்பக் குடுங்க."

என்னவோ ஏதோ என்று பார்த்தபடியே கொடுத்தார்.

தாளை மேஜையில் விரித்தாள். அந்த வரியின் மேல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஒரு கோடு இழுத்தாள்.

ஓரத்தில் போன மாதத்துத் தேதியைப் போட்டாள்.

மானேஜர் பேனாவுக்குக் கை நீட்டினார்.

அவள் தரவில்லை. இன்னும் தன் பெயர் எழுத வேண்டியிருந்தது.