ஜன்னலுக்குக் கீழே களாச்செடி

"ஒரு பொண்ணோட ஜன்னலுக்குக் கீழே முள்ளைக் கொண்டுவந்து நடுவாங்களா பாய்? உங்க புத்தி எங்க போச்சு?"

என் குரல் மூணு மாடிக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே. அடையாறில் பன்னிரண்டு வீடு உள்ள எங்கள் ஃபிளாட்ஸுக்கு நாலு வருஷமாக நான்தான் செகரட்டரி. இந்த ரத்னாவிடம் பொய்யும் சாக்கும் நடக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

நூர் முஹம்மது பாய் கையில் கத்தரியோடு நின்றார். தரைத்தளத்தில் தனியாக இருந்து வேலைக்குப் போகும் காவேரிக்கு எதிர்வீடு. போன வருஷம் மழைக்கு முன்னால் அவள் பின்பக்க ஜன்னலை ஒட்டி ஏழு களாச்செடி நட்டார். நுனியைக் கிள்ளக் கிள்ள அடியில் புதர் கட்டிவிட்டது. இப்போது இடுப்பு உயரம். கை வைத்தால் ரத்தம் பார்க்காமல் எடுக்க முடியாது.

அரியலூரிலிருந்து வந்திருந்த காவேரியின் அப்பா கண்ணில் அது பட்டுவிட்டது. கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டில் முள்செடி ஆகவே ஆகாதாம். வரன் எல்லாம் தட்டிப்போவது இதனால்தானாம். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பாய் கத்தரியைக் கீழே வைத்தார். "நாளைக்கு எடுத்துடறேன்மா" என்றார்.

அப்பா பின்னால் நின்ற காவேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் அப்பாவை பஸ் ஏற்றிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, அந்தச் செடியை வைக்கச் சொன்னதே நான்தான். ராத்திரியில யாரோ ஜன்னல்கிட்ட வந்து நின்னான். ரெண்டு தடவை பார்த்தேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வேலையை விடச் சொல்லி ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவார். அதான் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு பாய்கிட்ட கேட்டுக்கிட்டேன். செடி வளர்ந்ததுக்கு அப்புறம் எவனும் வரலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"பின்பக்கம் லைட் போடச் சொல்லி மூணு தடவை கேட்டேனே ஆன்ட்டி."

கேட்டாள்தான். அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்று மூணு தடவையும் நான்தான் சொன்னேன்.

கீழே ஓடினேன். பாய் முதல் செடியின் அடியில் கடப்பாரையை வைத்துவிட்டார். முழங்கை வரை கீறல்.

"விட்டுடுங்க பாய்" என்றேன். வெட்கமாக இருந்தது. அவர் மண்ணை மறுபடி அணைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் பின்பக்கச் சுவரில் லைட் மாட்டிக்கொண்டிருந்தபோது அரியலூரிலிருந்து போன். அந்த பாய் செடியை எடுத்தாரா இல்லையா என்று காவேரியின் அப்பா கேட்டார்.

"எடுக்க மாட்டாங்க சார். இனிமே அது பாய் வச்ச செடி இல்லை. செகரட்டரி நான் வைக்கச் சொன்னதுன்னு வச்சுக்கோங்க."